302 எங்கே போனது?



பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "ஐயா, பொண்ணு சட்டம் படிக்கணும்கிறா. சேர்க்கலாமா? சட்டத்தை எல்லாம் மாத்திட்டாங்களாம். காலேஜ்ல சொல்லிக் கொடுக்கறவங்களுக்கே குழப்பமாம்." ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டச்சு செய்ய என் விரல் ஒத்துழைக்காது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் வழக்கறிஞன் அல்ல, தமிழாசிரியன். ஆனால் என்னிடம் படித்தவர்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் பண்ருட்டியிலும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். போன வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு சட்ட மாணவர்கள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். நம் கிரிமினல் கோர்ட்டுகள் இந்த மூன்றின்மேல்தான் நின்றன. 2023 டிசம்பரில் இவற்றுக்குப் பதிலாக நாடாளுமன்றம் மூன்று புதிய சட்டங்களை நிறைவேற்றியது. 2024 ஜூலை 1 முதல் அவை நடைமுறைக்கு வந்துவிட்டன. பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் என்று பெயர். என் வாய்க்கு இந்தப் பெயர்கள் இன்னும் பழகவில்லை. அந்தப் பெயர்களுக்கும் சட்டங்களுக்கும் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பும், வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த விவாதம் முடியட்டும் என்று மாணவன் காத்திருக்க முடியுமா? அவனுக்குப் பரீட்சை இருக்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்தே புதிய சட்டங்களைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024 மே மாதம் எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் சொல்லிவிட்டது. பாடம் நடத்துகிறவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு கோடை விடுமுறை.

எவ்வளவு மாறியது? தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன. புதியதில் 358. நடைமுறைச் சட்டம் 484லிருந்து 531 ஆகிவிட்டது. சாட்சியச் சட்டம் 167லிருந்து 170. எண்கள் கூடியதும் குறைந்ததும் பெரிய விஷயம் இல்லை. பழைய எண் புதிய புத்தகத்தில் வேறு வேலை பார்ப்பதுதான் சிக்கல்.

உதாரணம் சொல்கிறேன். கொலைக்குத் தண்டனை 302 என்பது படிக்காதவர்களுக்கும் தெரிந்த எண். சினிமா பார்த்தே தெரிந்துகொண்டோம். இப்போது அது 103. சரி, புதிய சட்டத்தில் 302 எங்கே போனது? அங்கேயும் ஒரு 302 இருக்கிறது. ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றிய பிரிவு அது.

ஊரில் கலவரம் என்றால் "144 போட்டுட்டாங்க" என்போம். இப்போது அந்தத் தடை உத்தரவு 163. புதிய 144 எது தெரியுமா? மனைவிக்கும் பிள்ளைக்கும் வயதான பெற்றோருக்கும் ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு. முன்பு அது 125.

482 என்றால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது என்று இத்தனை வருடம் வழக்கறிஞர்கள் சொல்லி வந்தார்கள். இப்போது 482 முன்ஜாமீன். ரத்து செய்யக் கேட்பது 528.

ஏமாற்றுக்காரனைத் திட்ட நாம் சொல்லும் 420 இப்போது 318(4). எத்தனை வருடம் ஆனாலும் "அவன் ஒரு முந்நூத்திப் பதினெட்டு உட்பிரிவு நாலு" என்று யாரும் திட்டப்போவதில்லை. 1957லேயே நயா பைசா வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல வருடம் நாம் நாலணா, எட்டணா என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்?

இது சிரிக்கிற விஷயமாகத் தெரியலாம். திண்ணைக்கு வரும் ஒரு பெண்ணுக்கு இது சிரிப்பாக இல்லை. அவள் அப்பா கைலி நெய்கிறவர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஐந்து வருடப் படிப்பு. தண்டனைச் சட்டத்தைப் பழைய எண்களோடு இரவு பகலாக மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். அடுத்த சில மாதங்களில் ஜூலை 1 வந்தது. "ஐயா, நான் படிச்சது செல்லாமப் போச்சு. அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டின பீஸும் போச்சு. நின்னுடலாம்னு இருக்கேன்" என்றாள். கையில் பழைய புத்தகத்தை வைத்திருந்தாள், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்காக.

அதே மாதம் சட்டக் கல்லூரியில் இருக்கும் என் பழைய மாணவரும் வந்தார். கல்லூரி பெயர் வேண்டாம். ஐம்பதை நெருங்கும் மனிதர். மணிக்கணக்குச் சம்பளத்தில் இருபது வருடம் பாடம் நடத்தியவர். "ஐயா, தூக்கத்துல எழுப்பினாலும் பிரிவு சொல்வேன். இப்ப வகுப்புல ஒரு பையன் போனைப் பாத்து என்னைத் திருத்தறான். இத்தனை வருஷ அனுபவத்துக்கு என்ன மரியாதை?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

இருவருக்கும் ஒரே பயம். நம்மிடம் இருந்தது செல்லாக்காசு ஆகிவிட்டது என்ற பயம்.

நம் பகுதிக்கு அந்தப் பயம் புதிதல்ல. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் தமிழக அரசு ஏற்றபோது என்ன நடந்தது என்று சிதம்பரத்து உறவுகளுக்குச் சொல்லவே வேண்டாம். தேவைக்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டுப் பேராசிரியர்களையும் அலுவலர்களையும் பணிநிரவலில் தமிழ்நாடு முழுக்க அனுப்பினார்கள். "உபரி" என்ற ஒரு சொல் எத்தனை வீடுகளில் இரவு சாப்பாட்டை நிறுத்தியது! மாற்றம் வரும்போது பாடத்திட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதை நடத்த வேண்டிய மனிதரின் மனநிலையைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த 1978ஐ நினைத்துக்கொள்கிறேன். அந்த ஒரே வருடத்தில் இரண்டு மாற்றம். கல்லூரியிலிருந்த பி.யு.சி. போய், பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வந்தது. எழுத்துச் சீர்திருத்த அரசாணையும் அப்போதுதான் வந்தது. கொம்பு போட்ட ணை, லை, னை எல்லாம் போய் இப்போது நீங்கள் எழுதும் வடிவம் வந்தது. மூத்த ஆசிரியர்களுக்குக் கை பழகவில்லை. கரும்பலகையில் பழைய வடிவம் வந்துவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் பள்ளி நூலகத்தில் இருந்த புத்தகம் அத்தனையும் பழைய எழுத்து. புது எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அந்த அலமாரியே பூட்டிக் கிடந்த மாதிரி. இரண்டையும் வாசிக்கத் தெரிந்த ஆசிரியர்தான் அதைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

சட்டத்திலும் இப்போது அதுதான் நிலை. காரணத்தைச் சொல்கிறேன்.

குற்றம் எந்த நாளில் நடந்ததோ, அந்த நாளில் இருந்த தண்டனைச் சட்டம்தான் அதற்குப் பொருந்தும். 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம். ஜூலை 1 முதல் நடந்ததற்குப் புதியது. புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவான 358இலேயே இதற்கு வழி செய்திருக்கிறார்கள். அப்படியானால் பழைய சட்டம் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?

நம் மாவட்டத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. நமக்கு மேற்கே விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். 1993இல் அந்த ஊர் இராசாக்கண்ணுவைத் திருட்டுப் பழி சொல்லி கம்மாபுரம் போலீசார் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவர் மனைவி பார்வதி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கறிஞராக இருந்த சந்துரு, பின்னாளில் நீதிபதியானவர், அவருக்காக வாதாடினார். 2021இல் வந்த 'ஜெய் பீம்' இந்தக் கதையிலிருந்து எடுத்ததுதான். படம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நிஜத்தில் காவலர்களுக்குத் தண்டனை வழங்கிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2006இல். பதின்மூன்று வருடம். 2024 ஜூன் 30 இரவு நடந்த ஒரு குற்றம் இதே வேகத்தில் போனால் 2037 வரை பழைய புத்தகம் வேண்டும். இன்று முதல் வருடத்தில் சேரும் பிள்ளை, வழக்கறிஞராகி ஏழெட்டு வருடம் ஆன பிறகும் அதைப் புரட்ட வேண்டியிருக்கும்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லி, "பழைய புத்தகத்தைக் கடைக்குப் போடாதம்மா" என்றேன். அவள் அப்பாவும் பக்கத்தில் இருந்தார். அவர் சொன்னது என் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது. "தறியில பாவு தீர்ந்தா பழைய இழை நுனியோட புது இழையை ஒண்ணொண்ணா முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுறோம். பழசை அறுத்து எறிஞ்சிட்டா எதுல முடிச்சுப் போடுவ?" என்றார்.

அதையே வேலைத் திட்டமாக வைத்துக்கொண்டோம். கல்லூரி ஆசிரியரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அவர் சொல்லிக்கொடுக்க வரவில்லை, அந்த ஆறு பேரோடு சேர்ந்து படிக்க வந்தார். முதல் வாரம் கூச்சப்பட்டார். மூன்றாவது வாரம் அவரே நோட்டுப் புத்தகம் வாங்கி வந்துவிட்டார்.

ஒவ்வொரு பிரிவையும் எடுத்து மூன்று குவியலாகப் பிரித்தோம்.

முதல் குவியல், எண் மட்டும் மாறியது. கைது செய்த ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்தில் 57, புதியதில் 58. அரசியல் சாசனத்தின் 22ஆவது உறுப்பு எப்போதும் போல அதற்குக் காவல் நிற்கிறது. பார்வதி போட்ட மாதிரி ஆட்கொணர்வு மனு போடும் உரிமை சாசனத்தின் 226ஆவது உறுப்பில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இந்த முதல் குவியல்தான் மிகப் பெரியது என்று பிரிக்கப் பிரிக்கத் தெரிந்தது. பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்தது அங்கேதான்.

இரண்டாவது, உள்ளே சொன்னதும் மாறியது. எஃப்.ஐ.ஆர். பழைய 154, புதிய 173. எந்த எல்லையில் குற்றம் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது. மின்னஞ்சல் போன்ற வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். முதல்முறை குற்றவாளி, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை. ஏழைப் பையன் ஒருவனுக்கு வாழ்க்கையைத் திருப்பித் தரக்கூடிய வரி இது. அவனுக்காக நிற்கும் வழக்கறிஞருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, புதிதாக வந்ததும் காணாமல் போனதும். வழிப்பறிப் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு. கும்பல் சேர்ந்து சாதி, சமூகம், மொழி போன்ற காரணத்தால் கொல்வதற்கு 103(2). 124ஏ என்ற தேசத் துரோகப் பிரிவு அந்தப் பெயரில் இல்லை, ஆனால் 152 என்று வேறொன்று வந்திருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றா வேறா என்று பெரியவர்களே வாதாடுகிறார்கள். பிள்ளைகளும் வாதாடட்டும் என்று விட்டுவிட்டோம். ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போனது.

தமிழாசிரியனாக நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பிரிவையும் ஆங்கிலத்தில் படித்த பிறகு, வீட்டில் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்லச் சொன்னேன். எண் கடைசியில். முதலில் யார், என்ன செய்தால், என்ன ஆகும், எது விதிவிலக்கு. சொல்ல முடியாதவருக்கு எண் தெரிந்திருந்தாலும் பிரிவு தெரியவில்லை என்று அர்த்தம். நாளைக்கு அவர்களைத் தேடி வருபவர் பார்வதி மாதிரி ஒருவராகத்தான் இருப்பார். அவரிடம் ஆங்கிலத்தில் எண் சொல்லி என்ன பயன்?

பிரிவு எண்ணை மனப்பாடம் செய்யும் அவசியமும் குறைந்துகொண்டே வருகிறது. பட்டம் வாங்கியபின் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் 100 கேள்வி. குறிப்பு எதுவும் எழுதாத பேர் ஆக்ட் புத்தகத்தைக் கையில் கொண்டுபோகலாம். எங்கே தேடுவது, படித்ததை எப்படிப் பொருத்துவது என்று தெரிந்தவர்தான் அங்கே தேறுவார்.

போன் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பையன் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அழகாகப் பதில் எழுதி வந்தான். எல்லாம் சரி, பிரிவு எண் மட்டும் பழையது. அமெரிக்காவில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன முன் தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு தீர்ப்பே உலகத்தில் இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். போனில் கேட்பதை நான் தடுக்கவில்லை. கேட்ட பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும், குற்றம் நடந்த தேதியையும் பார்க்க வேண்டும். திண்ணையில் இதுதான் விதி. நம் கல்லூரி ஆசிரியருக்கு அன்றுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. போன் சொன்னதில் எங்கே பிசகு என்று அந்த இடத்திலேயே சொன்னவர் அவர்தான். பழைய எண் அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்ததால்தான் அது முடிந்தது. "உங்க அனுபவம் உபரி இல்லை தம்பி" என்றேன். சிரித்துக்கொண்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். நம் காலத்தில் சென்னைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். 2017இல் விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் சேர்க்கும் முன் கல்லூரியில் கட்டடத்தைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். நூலகத்தில் பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பாடம் நடத்துகிறவர்கள் நிரந்தரமானவர்களா, வருடா வருடம் மாறுகிறவர்களா என்று கேளுங்கள். மாணவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகிறார்களா என்று சீனியர் பிள்ளைகளிடம் விசாரியுங்கள்.

கல்லூரி நடத்துகிற, நிர்வாகத்தில் இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றறிக்கை அனுப்பினால் ஆசிரியர் தயாராகிவிட மாட்டார். வாரத்தில் இரண்டு மணி நேரம் வகுப்பு வைக்காமல் அவரைப் படிக்க விடுங்கள். அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் எந்த மணியில் புதுச் சட்டம் படிப்பார்?

கடலூர், சிதம்பரம், பண்ருட்டி கோர்ட்டுகளில் இருக்கும் என் வழக்கறிஞர் பிள்ளைகளே, உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குத் திண்ணைக்கு வாருங்கள். முடிந்துபோன வழக்கு ஒன்றைக் கொண்டுவாருங்கள், கட்சிக்காரர் பெயரை மறைத்துவிட்டு. அதே சம்பவம் ஜூலை 1க்குப் பிறகு நடந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று பிள்ளைகள் எழுதிக் காட்டுவார்கள். நீங்கள் திருத்துங்கள். உங்களுக்கும் அது உதவும். வீட்டில் பழைய பேர் ஆக்ட் சும்மா கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

கைலி நெய்கிறவர் மகள் படிப்பை நிறுத்தவில்லை. இந்த செமஸ்டரில் சாட்சியச் சட்டம். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கும் பிரிவு பழைய 65பி, புதிய 63. அதை என்னிடம் தமிழில் சொல்லிக் காட்டினாள். இரண்டு இடத்தில் எனக்குப் புரியவில்லை என்றேன். அடுத்த ஞாயிறு திருத்திக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வட்டிக் கடன் இன்னும் தீரவில்லை. அவளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பெயரை இங்கே எழுத வேண்டாம், அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள். மழைக்காலம் வருகிறது, பெருமாள் ஏரிக் கரைப் பக்கம் போகிறவர்கள் பார்த்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா